குழு வன்முறையின் உளவியல்: தேர்வுக்குப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமூக உளவியல் தாளில் குழு வன்முறை பற்றிய கேள்வி வந்தால், பெரும்பாலான விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். லெ போன் இப்படிச் சொன்னார், ஸிம்பார்டோ அப்படிச் சொன்னார், டாஜ்ஃபெல் வேறொன்று சொன்னார் என்று பெயர்கள் வரிசையாக வரும். எழுதியதில் பிழை இருக்காது. ஆனாலும் மதிப்பெண் நடுவிலேயே நின்றுவிடும். இந்த ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியவர்கள் என்பது அந்த விடைகளில் தெரிவதில்லை, அதுதான் குறை. 1895 முதல் இன்றுவரை நீளும் ஒரே விவாதமாக இந்தப் பாடத்தைப் படித்தால், பெயர்களும் ஆண்டுகளும் தாமாகவே மனத்தில் தங்கும். விடைக்கும் ஒரு முதுகெலும்பு கிடைக்கும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த நோக்கில் அமைந்தவை.

படி 1: பாடத்தின் எல்லையை வரையுங்கள்

முதலில் உங்கள் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழு வன்முறை என்ற தலைப்பின் கீழ் மூன்று வெவ்வேறு களங்கள் வரலாம். ஒன்று, கூட்டம்: கலவரம், கும்பல் கொலை, விளையாட்டு மைதான மோதல். இரண்டாவது, குழுக்களுக்கு இடையிலான பகை: இனம், மதம், சாதி, நாடு. மூன்றாவது, நிறுவனத்துக்குள் நிகழும் வன்முறை, குறிப்பாகச் சிறை. சில பாடத்திட்டங்களில் மூன்றும் உண்டு, சிலவற்றில் ஒன்று மட்டுமே. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் உளவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு இரண்டாம் தாளில் சமூக ஒருங்கிணைப்பு என்ற பகுதி இருக்கிறது. சாதி, மதம், மொழி சார்ந்த மோதல்களும் முன்முடிவுகளும் அதில் அடங்கும். அவர்கள் இரண்டாவது களத்தில் அதிக நேரம் செலவிட வேண்டும்.

தனிமனித வன்முறைக்கான விளக்கங்களை இதோடு கலந்துவிடக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன், மூளையின் அமிக்டலா, குழந்தைகள் பொம்மையை அடித்த பண்டூராவின் 1961 சோதனை ஆகியவை வேறு கேள்விக்கான விடைகள். அவற்றை இங்கே எழுத வேண்டுமென்றால் குழுவோடு தொடர்புபடுத்தி எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, பண்டூராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1975இல் நடத்திய இன்னொரு சோதனை இங்கே நன்றாகப் பொருந்தும். தண்டனை பெறப்போகிறவர்களை விலங்குகளைப் போன்றவர்கள் என்று யாரோ பேசுவதைக் கேட்டவர்கள், அவர்களுக்கு அதிக மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பொறுப்பு பலருக்கும் பகிரப்பட்டபோது தண்டனை இன்னும் கூடியது. ஒரு குழு மற்றொரு குழுவை மனிதத்தன்மை அற்றதாகச் சித்திரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

படி 2: விவாதத்தை ஒரே கேள்வியாக எழுதி வையுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்: கூட்டத்தில் சேரும் மனிதன் தன்னை இழக்கிறானா, அல்லது குழுவின் ஆளாகத் தன்னை மாற்றிக்கொள்கிறானா?

இழக்கிறான் என்பவர்கள் ஒரு பக்கம்: லெ போன், ஃபெஸ்டிங்கர், ஸிம்பார்டோ, டீனர். மாற்றிக்கொள்கிறான் என்பவர்கள் மறுபக்கம்: டாஜ்ஃபெல், டர்னர், ரெய்ச்சர். இனிப் படிக்கும் ஒவ்வொரு ஆய்வையும் இந்தக் கேள்வியின் முன் நிறுத்தி, இது எந்தப் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது என்று கேளுங்கள். சில ஆய்வுகள் தாங்கள் ஆதரிக்க வந்த பக்கத்துக்கே எதிராகத் திரும்பியிருக்கின்றன. தேர்வில் அதிக மதிப்பெண் தருபவை அவைதான்.

படி 3: தன்னை இழத்தல் என்ற வாதத்தைப் படியுங்கள்

குஸ்தாவ் லெ போன் மருத்துவம் படித்த பிரெஞ்சுக்காரர். கூட்ட உளவியல் குறித்த அவருடைய நூல் 1895இல் வெளிவந்தது. 1871இல் நடந்த பாரிஸ் கம்யூன் எழுச்சியின் நினைவும், தொழிலாளர் இயக்கங்கள் மீது மேல்தட்டினருக்கு இருந்த அச்சமும் அந்த நூலின் பின்னணி. கூட்டத்தில் ஒருவன் முகமற்றவனாகிறான், அதனால் பொறுப்புணர்வு குறைகிறது. உணர்ச்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. யார் எதைச் சொன்னாலும் ஏற்கும் மனநிலை உண்டாகிறது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தால் போதும். இதற்கான திறனாய்வும் பின்னணியிலேயே இருக்கிறது. கலவரத்தில் கூட்டத்துக்கு எதிரே நின்ற காவல்துறையும் ராணுவமும் லெ போனின் விளக்கத்தில் இல்லை. எதிர்த்தரப்பு என்ன செய்தது என்பதை நீக்கிவிட்டுப் பார்த்தால் எந்தக் கூட்டமும் காரணமின்றி வெறிகொண்டதாகத்தான் தெரியும்.

டீஇண்டிவிஜுவேஷன் என்று பாடநூல்கள் குறிப்பிடும் தனித்தன்மை இழப்பு என்ற கருத்து 1952இல் ஃபெஸ்டிங்கர், பெப்பிடோன், நியூகோம் ஆகிய மூவரின் கட்டுரையில் தொடங்குகிறது. அதை முழுக் கொள்கையாக விரித்தவர் பிலிப் ஸிம்பார்டோ, 1969இல். அவருடைய சோதனையில் பெண் மாணவிகள் நால்வர் நால்வராக அமர்ந்து, வேறொரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பினார்கள். ஒரு பகுதியினருக்குத் தளர்வான மேலங்கியும் முகத்தை மறைக்கும் முக்காடும் கொடுக்கப்பட்டன. அவர்களைப் பெயர் சொல்லி யாரும் அழைக்கவில்லை. மற்றவர்கள் பெயர் அட்டையுடன் சொந்த உடையில் இருந்தார்கள். முகம் மறைத்தவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் அதிர்ச்சிப் பொத்தானை அழுத்தினார்கள்.

பல மாணவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஸிம்பார்டோ இதே சோதனையை பெல்ஜிய ராணுவ வீரர்களிடமும் செய்து பார்த்தார். முடிவு நேர்மாறாக வந்தது. முக்காடிட்ட வீரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதிர்ச்சி கொடுத்தார்கள். சீருடையில் சக வீரர்களோடு இருந்தவர்களை முக்காடு தனிமைப்படுத்தி, தங்களையே கவனிக்க வைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கொள்கையை உருவாக்கியவரின் கையிலேயே அது வளைந்துகொடுத்தது என்று எழுத முடிந்தால், உங்கள் திறனாய்வுப் பத்தி பாதி முடிந்துவிட்டது.

அடுத்து எட் டீனர். 1976இல் அவரும் குழுவினரும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் இரவில், 27 வீடுகளில் 1,352 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஒரு மிட்டாய் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார். பெயர் சொல்லித் தனியாக வந்த குழந்தைகளில் சுமார் 8 சதவீதத்தினர் கூடுதலாக எடுத்தனர். பெயர் சொல்லாமல் கூட்டமாக வந்தவர்களில் அது சுமார் 57 சதவீதம். அழகான கள ஆய்வுதான். ஆனால் மிட்டாய் எடுப்பது விதிமீறலே தவிர வன்முறை ஆகாது என்பதை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். பிறகு டீனர் கவனத்தைத் தன்னுணர்வின் பக்கம் திருப்பினார். முகம் மறைவதைவிட, தன்னைத் தானே கவனிப்பது நின்றுபோவதுதான் முக்கியம் என்றார். பிரெண்டிஸ்-டன், ரோஜர்ஸ் ஆகிய இருவரும் 1982இல் இதை இரண்டாகப் பிரித்தார்கள். பிறர் என்ன நினைப்பார்கள் என்ற அக்கறை குறைவது ஒன்று. தன் உணர்வுகள் மீதும் நெறிகள் மீதும் உள்ள கவனம் குறைவது மற்றொன்று. தனித்தன்மை இழப்பு என்ற நிலைக்கு இரண்டாவதுதான் உண்மையில் பொருந்துகிறது என்பது அவர்கள் கருத்து.

படி 4: ஆதரவையும் எதிர்ப்பையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

ஆதரவுச் சான்றுகளில் ஆண்ட்ரூ சில்க் 2003இல் வெளியிட்ட வட அயர்லாந்து ஆய்வு எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. அது ஆய்வகத்தில் நடந்தது அல்ல. 500 வன்தாக்குதல்களை அவர் ஆராய்ந்தார். அவற்றில் 206இல் தாக்கியவர்கள் முகமூடி போன்றவற்றால் அடையாளத்தை மறைத்திருந்தார்கள். அவர்களே கடுமையான காயங்களை ஏற்படுத்தினார்கள், ஒரே சம்பவத்தில் அதிகம் பேரைத் தாக்கினார்கள். ஆனால் இது உடன்தொடர்பு மட்டுமே. கொடூரமாகத் தாக்கத் திட்டமிட்டவர்களே முகமூடி அணிந்து வந்திருக்கலாம் அல்லவா? இந்த ஒரு கேள்வியை எழுப்பினால் போதும், ஆய்வுமுறை உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று தேர்வாளர் அறிந்துகொள்வார். போருக்குப் போகுமுன் உடலில் வண்ணம் பூசி உருமாறும் சமூகங்களில் எதிரிகளைக் கொடூரமாக நடத்தும் போக்கு அதிகம் என்று வாட்சன் 1973இல் காட்டியதையும் இதோடு ஒரு வரியில் சேர்க்கலாம்.

எதிர்ப்புப் பக்கம் மூன்று ஆய்வுகள் போதும். முதலாவது ஜான்சன், டவுனிங் ஆகியோரின் 1979 சோதனை. அமெரிக்க வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் அங்கியைப் போன்ற உடையில் சிலர், செவிலியர் சீருடையில் சிலர். முகம் மறைந்தால் வன்முறை கூடும் என்ற கொள்கை உண்மையானால் இரு உடையிலும் அதிர்ச்சி கூடியிருக்க வேண்டும். செவிலியர் உடையில் அடையாளம் தெரியாமல் இருந்தவர்கள் அதிர்ச்சியைக் குறைத்தார்கள். அந்த உடை சுமந்த நெறியே அவர்கள் நடத்தையைத் தீர்மானித்தது. இரண்டாவது, கெர்கனும் சக ஆய்வாளர்களும் 1973இல் முழு இருட்டறையில் அறிமுகமில்லாதவர்களை ஒரு மணி நேரம் விட்டுவைத்தது. அங்கே சண்டை மூளவில்லை. தொடுதலும் அணைப்பும் நெருக்கமான பேச்சுமே நிகழ்ந்தன. மூன்றாவது, 1998இல் போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் இருவரும் 60 ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த பகுப்பாய்வு. அடையாளம் மறைவதால் மக்கள் நெறியைக் கைவிடுகிறார்கள் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தச் சூழலில் எது நெறியோ அதை இன்னும் அதிகமாகப் பின்பற்றுகிறார்கள் என்பதே கிடைத்த முடிவு.

இந்த மூன்றையும் இதே வரிசையில் எழுதினால் விடை தானாகவே அடுத்த கொள்கைக்கு நகரும். மக்கள் நெறியைப் பின்பற்றுகிறார்கள் என்றால், அந்த நெறி எங்கிருந்து வருகிறது? குழுவிலிருந்து.

படி 5: குழுக்களுக்கு இடையிலான பகை

முசாஃபர் ஷெரிஃப் 1954இல் ஒக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தார். பரிசுக்கான போட்டி தொடங்கியதும் ஏச்சுப்பேச்சு, கொடி எரிப்பு, அறைகளைச் சூறையாடுதல் என்று பகை வளர்ந்தது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்ததில் சமாதானம் வரவில்லை. தண்ணீர் வரத்து நின்றபோதும் லாரி பழுதானபோதும் இரு அணியும் சேர்ந்து உழைக்க நேர்ந்த பிறகுதான் பகை தணிந்தது. வளங்களுக்கான போட்டியே பகையின் வேர் என்ற யதார்த்த மோதல் கொள்கைக்கு இது அடிப்படை. திறனாய்வுக்கு: ஓர் ஆண்டு முன்பு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் நடத்திய முகாமில் சிறுவர்கள் ஒருவரோடொருவர் மோத மறுத்து, பெரியவர்கள் மீதே சந்தேகம் கொண்டார்கள். அந்த முகாம் பாதியில் கைவிடப்பட்டது. ராபர்ஸ் கேவை மட்டும் எழுதுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

போட்டியே இல்லாவிட்டால்? ஹென்றி டாஜ்ஃபெல் 1971இல் வெளியிட்ட ஆய்வில் பிரிஸ்டல் பள்ளி மாணவர்கள், க்ளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் ஓவியங்களில் எது பிடிக்கும் என்ற அற்பமான அடிப்படையில் பிரிக்கப்பட்டதாக நம்பினார்கள். அதற்கே தங்கள் குழுவுக்குச் சாதகமாகப் புள்ளிகளைப் பகிர்ந்தார்கள். தங்களுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விருப்பமும் தெரிந்தது. 1979இல் டாஜ்ஃபெல், டர்னர் இருவரும், ஒருவர் தான் சேர்ந்த குழுவைக் கொண்டே தன்னை மதிப்பிடுகிறார் என்ற சமூக அடையாளக் கொள்கையை வகுத்தார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாரபட்சம் வேறு, வன்முறை வேறு. தன் குழுவுக்கு இரண்டு புள்ளி அதிகம் தருகிறவன் பக்கத்துத் தெருவைக் கொளுத்தப் போவான் என்று டாஜ்ஃபெலின் ஆய்வு சொல்லவில்லை. பரிசுக்குப் பதிலாகத் துன்பத்தைப் பகிர்ந்தளிக்கச் சொன்னால் அந்தப் பாரபட்சம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் அமேலி முமெண்டேயின் ஆய்வுகள் காட்டின. சமூக அடையாளம் எப்போது வன்முறையாக மாறுகிறது என்பதே மீதி நிற்கும் கேள்வி. அடுத்த படி அதற்குத்தான்.

படி 6: செயின்ட் பால்ஸ் கலவரத்தை முழுமையாகப் படியுங்கள்

இந்தப் பாடத்தில் ஒரே ஓர் ஆய்வைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

1980 ஏப்ரல் 2 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கறுப்பின மக்கள் கணிசமாக வாழ்ந்த செயின்ட் பால்ஸ் பகுதியில், பிளாக் அண்ட் ஒயிட் கஃபே என்ற உணவகத்தில் காவல்துறை சோதனை நடத்தியது. அந்தப் பகுதி மக்களுக்கு அது வெறும் உணவகம் அல்ல. தங்களுக்கென்று மிஞ்சியிருந்த ஒரு கூடுமிடம். மோதல் வெடித்தது. காவல்துறை வாகனங்கள் எரிந்தன. காவலர்கள் அந்தப் பகுதியை விட்டே சில மணி நேரம் பின்வாங்கினார்கள்.

ஸ்டீபன் ரெய்ச்சர் இதில் பங்கேற்றவர்களிடமும் நேரில் கண்டவர்களிடமும் பேசி, 1984இல் ஆய்வை வெளியிட்டார். லெ போன் சொன்னபடி என்றால் கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தாக்கப்பட்டவை காவல்துறை, வங்கிகள், வெளியாருக்குச் சொந்தமானவையாகக் கருதப்பட்ட கடைகள். குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் தப்பின. காவல்துறை மீது யாராவது கல்லெறிந்தால் மற்றவர்களும் சேர்ந்தார்கள். சம்பந்தமில்லாத இலக்கின் மீது எறிந்தால் கூட்டத்தில் இருந்தவர்களே கண்டித்தார்கள். கலவரம் அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்டவில்லை. காவலர்கள் வெளியேறிய பிறகு அவர்களைத் துரத்திக்கொண்டு நகருக்குள் போகவும் இல்லை. பங்கேற்றவர்கள் தங்களைச் செயின்ட் பால்ஸ் மக்கள் என்றே அடையாளப்படுத்திக்கொண்டார்கள்.

இதிலிருந்து ரெய்ச்சர் வகுத்ததுதான் கூட்டத்தின் சமூக அடையாள மாதிரி. கூட்டத்தில் தன்னடையாளம் அழிவதில்லை. தனிமனிதன் என்ற தளத்திலிருந்து குழு உறுப்பினர் என்ற தளத்துக்கு அது நகர்கிறது. எதைச் செய்யலாம், யாரைத் தொடக் கூடாது என்ற எல்லைகளை அந்த அடையாளம் வகுக்கிறது. பின்னர் ரெய்ச்சர், ஸ்டாட், டிரூரி முதலானோர் இதை விரிவாக்கினார்கள். அமைதியாக வந்த கூட்டத்தைக் காவல்துறை முழுக்க ஆபத்தானதாக நடத்தினால், அமைதியானவர்களும் மோதல் விரும்பிகளோடு ஒரே அணியாக உணரத் தொடங்குகிறார்கள் என்பது அந்த விரிவின் சாரம்.

கால்பந்து இதற்குப் பொருத்தமான களம். 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையின்போது இங்கிலாந்து ரசிகர்களிடையே மோதல்கள் பரவின. ஸ்காட்லாந்து ரசிகர்களோ, நாங்கள் இங்கிலாந்து ரசிகர்களைப் போன்றவர்கள் அல்ல என்பதையே தங்கள் பெருமையாகக் கொண்டிருந்ததால், வம்பு செய்ய முயன்ற சக ரசிகர்களைத் தாங்களே அடக்கினார்கள். 2004இல் போர்ச்சுகல் நடத்திய யூரோ கோப்பையில் முக்கிய நகரங்களின் காவல்துறை, ஆய்வாளர்களின் ஆலோசனையோடு, கவசமும் தடியும் காட்டாமல் நட்பாக அணுகியது. அங்கே இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய கலவரம் ஏதுமில்லை. அந்த அணுகுமுறையைப் பின்பற்றாத வேறொரு காவல் அமைப்பின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் கலவரம் நடந்தது.

இந்திய எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ரெய்ச்சரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து அலகாபாத்தின் மாக மேளா என்ற இந்து யாத்திரைத் திருவிழாவில் நடத்திய ஆய்வு இருக்கிறது, 2012இல் வெளிவந்தது. குளிரும் இரைச்சலும் நெரிசலும் நிறைந்த அந்தப் பெருந்திரளில் ஒரு மாதம் தங்கியவர்களின் நலவுணர்வு, போகாதவர்களோடு ஒப்பிடும்போது உயர்ந்திருந்தது. கூட்டம் என்றாலே ஆபத்து என்ற லெ போனின் பார்வைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கொள்கைக்கும் குறை உண்டு, அதையும் எழுதுங்கள். ரெய்ச்சரின் தகவல்கள் பெரும்பாலும் சம்பவத்துக்குப் பிறகு பங்கேற்றவர்கள் சொன்னவை. செய்ததை நியாயப்படுத்தும் முயற்சி அதில் கலந்திருக்கலாம். ஒரே குழு அடையாளம் கொண்டவர்களில் ஏன் சிலர் மட்டும் கல்லை எடுக்கிறார்கள் என்பதற்கும் இதில் போதிய விடை இல்லை.

படி 7: கும்பல் கொலை பற்றிய கேள்விக்குத் தயாராகுங்கள்

இது பெரும்பாலும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட வரலாற்றையே குறிக்கும். ஹோவ்லாண்ட், சியர்ஸ் ஆகியோர் 1940இல், பருத்தியின் மதிப்பு வீழ்ந்த ஆண்டுகளில் கும்பல் கொலைகள் கூடியதாகக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டாலார்டும் சகாக்களும் வெளியிட்ட விரக்தி-வன்முறைக் கொள்கைக்கு ஆதரவாக அது பேசப்பட்டது. பிற்கால மறுபகுப்பாய்வுகளில் அந்தத் தொடர்பு பலவீனமாகவே தெரிந்தது. பிரையன் மல்லன் 1986இல், 1899 முதல் 1946 வரை நடந்த 60 கொலைகள் பற்றிய செய்திகளை ஆராய்ந்து, பலியானவர்களோடு ஒப்பிடக் கும்பல் பெரிதாக இருக்க இருக்கக் கொடூரமும் கூடியதைக் கண்டார். இது தனித்தன்மை இழப்புக்கு வலு சேர்க்கும்.

ஆனால் இங்கே எண்களோடு நின்றுவிடாதீர்கள். ஒரு சமூகத்தையே அச்சுறுத்தி அடக்கி வைப்பதற்காகப் பகல் வெளிச்சத்தில், முகம் மறைக்காமல், புகைப்படத்துக்கு நின்றபடி நடந்த கொலைகளும் அவற்றில் பல. முகம் மறைவதால் வன்முறை வருகிறது என்ற விளக்கம் அந்தப் புகைப்படங்களின் முன் பொய்யாகிறது. வெள்ளையினக் குழுவின் நெறி அதை அனுமதித்தது. சட்டம் தண்டிக்காமல் விட்டது. இதைச் சொல்லாமல் எழுதும் விடை, இறந்தவர்களுக்கும் நியாயம் செய்யாது.

படி 8: சிறை, உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால்

இரண்டு மாதிரிகள். கிரஷம் சைக்ஸ் 1958இல் நியூஜெர்சி சிறையை ஆராய்ந்து, சுதந்திரம், தன்விருப்பம், பொருட்களும் சேவைகளும், பாலுறவு, பாதுகாப்பு ஆகிய ஐந்தும் பறிக்கப்படுவதே சிறைச் சமூகத்தை உருவாக்குகிறது என்றார். இது பறிப்பு மாதிரி. எர்வின், க்ரெஸ்ஸி இருவரும் 1962இல், கைதிகள் வெளியுலகப் பழக்கங்களையும் குழு விசுவாசங்களையும் உள்ளே கொண்டுவருகிறார்கள் என்றார்கள். இது இறக்குமதி மாதிரி. இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன என்று முடிப்பது பாதுகாப்பானது, உண்மைக்கும் நெருக்கமானது.

1971 ஆகஸ்டில் நடந்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை இன்று பழைய முறையில் எழுதக் கூடாது. இரண்டு வாரம் நடக்க வேண்டியது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது, சாதாரண மாணவர்கள் கொடூரக் காவலர்களாக மாறினார்கள் என்ற அளவில் பலர் நிறுத்துகிறார்கள். ஸிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளராக நடித்தார். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற குறிப்புகள் காவலர்களுக்கு முன்பே கிடைத்திருந்தன. ஆவணக் காப்பகப் பதிவுகளை ஆராய்ந்த தீபோ லெ டெக்சியே 2019இல் இதை விரிவாக வெளியிட்டார். 2001 டிசம்பரில் பிபிசிக்காக ரெய்ச்சரும் அலெக்ஸ் ஹஸ்லமும் நடத்திய சிறை ஆய்வில் காவலர்கள் ஒரு குழுவாகச் சேரவே இல்லை; கைதிகள் சேர்ந்தார்கள், காவலர் ஆட்சி கவிழ்ந்தது. சீருடை மாட்டினால் மட்டும் ஒருவர் கொடியவராகிவிடுவதில்லை. அந்தப் பாத்திரத்தைத் தன்னுடையதாக அவர் ஏற்க வேண்டும் என்பது அதன் முடிவு. படி 2இல் எழுதிய கேள்வி இங்கே மறுபடி வருவதைக் கவனியுங்கள்.

படி 9: மனத்தில் நிறுத்தும் முறை

திரும்பத் திரும்ப வாசிப்பது, படித்துவிட்டோம் என்ற தெம்பைத் தரும், நினைவைத் தராது. இதற்கும் உளவியலிலேயே சான்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் காட்டியது இது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுவாசிப்பு செய்தவர்களே முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள்.

எனவே ஒவ்வோர் ஆய்வுக்கும் ஓர் அட்டை தயார் செய்யுங்கள். முன்பக்கம் பெயரும் ஆண்டும். பின்பக்கம் நான்கே வரிகள்: என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது, விவாதத்தில் எந்தப் பக்கம், ஒரு குறை. மூன்றாவது வரிதான் மிக முக்கியம். அட்டைகளைக் குலுக்கி, ஏதாவது இரண்டை எடுத்து, இரண்டையும் இணைக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஸிம்பார்டோவும் ஜான்சனும் வந்தால்: ‘முக்காடு வன்முறையைக் கூட்டியது என்று ஸிம்பார்டோ கண்டார், ஆனால் அந்த முக்காடே க்ளான் உடையை ஒத்திருந்தது, செவிலியர் உடையில் விளைவு மாறியது என்று ஜான்சனும் டவுனிங்கும் காட்டினார்கள்.’ இப்படிப்பட்ட வாக்கியங்கள் கையில் இருந்தால் தேர்வறையில் திறனாய்வுக்குத் திணற வேண்டியதில்லை. முதல் நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் என்று இடைவெளி விட்டு இதைச் செய்யுங்கள்.

படி 10: விடையை எழுதுதல்

மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 15 மதிப்பெண் கேள்விக்கு 27 நிமிடம் கிடைக்கும். யுபிஎஸ்சி போல 250 மதிப்பெண் என்றால் 11 நிமிடம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே விடையைத் தயாரிக்க முடியாது. 27 நிமிடம் இருந்தால் இரு கொள்கைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆய்வுகள், திறனாய்வு, ஒரு நடைமுறை எடுத்துக்காட்டு. 11 நிமிடம் என்றால் இரு கொள்கைகள், ஆளுக்கோர் ஆய்வு, அவற்றை மோதவிடும் ஒரு பத்தி.

விளக்குக என்று கேட்டால் கொள்கைக்கு அதிக இடம். திறனாய்க என்று கேட்டால் கொள்கையை நான்கைந்து வரிகளில் முடித்துவிட்டுச் சான்றுகளுக்குள் இறங்குங்கள்.

ஒரே கருத்து இரண்டு விதமாக எழுதப்படுவதைப் பாருங்கள். முதலாவது:

‘தனித்தன்மை இழப்புக் கொள்கையைப் போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் ஆகியோர் 1998இல் விமர்சித்தனர். எனவே இக்கொள்கைக்குக் குறைகள் உள்ளன.’

இரண்டாவது:

‘முகம் மறைவதே வன்முறைக்குக் காரணம் என்றால், அடையாளம் மறையும் எல்லாச் சூழலிலும் அது கூட வேண்டும். 60 ஆய்வுகளைத் தொகுத்த போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் ஆகியோர் 1998இல் அப்படி நிகழவில்லை என்று கண்டனர். மக்கள் அந்தச் சூழலின் நெறியையே கூடுதலாகப் பின்பற்றினர். செவிலியர் உடையில் இருந்தவர்கள் அதிர்ச்சியைக் குறைத்ததை இது விளக்குகிறது. செயின்ட் பால்ஸில் கூட்டம் தன் இலக்குகளைத் தேர்ந்தெடுத்ததும் இதனோடு பொருந்துகிறது. எனவே அடையாளம் மறைவது குழு நெறியின் பிடியை இறுக்குகிறது என்று கொள்வதே பொருத்தம். அந்த நெறி வன்முறையை ஏற்பதாக இருந்தால்தான் வன்முறை விளையும்.’

முதலாவது ஒரு தகவல் மட்டும். இரண்டாவதில் மூன்று ஆய்வுகள் ஒரே வாதத்துக்காக உழைக்கின்றன.

இந்தியச் சூழலைக் கேட்டால் அஷுதோஷ் வர்ஷ்னி 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பயன்படுத்துங்கள். அவர் அரசியல் அறிஞர். ஆனால் உளவியல் விடையில் ஷெரிஃபுக்குத் துணையாக அழகாகப் பொருந்துவார். அலிகர், கோழிக்கோடு போன்ற நகரங்களை இணை இணையாக ஒப்பிட்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே வணிகச் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் கட்சியிலும் சேர்ந்திருந்த ஊர்களில் வதந்தி கலவரமாகவில்லை என்றார். அமைதி இருந்ததால்தான் அந்தச் சங்கங்கள் நிலைத்தனவோ என்ற எதிர்க்கேள்வியையும் ஒரு வரியில் சேருங்கள்.

தேர்வறையில் ஓர் ஆண்டு மறந்துபோனால் அதை விட்டுவிட்டு ஆய்வாளர் பெயரோடு தொடருங்கள். பெயரும் மறந்துபோனால் ஆய்வை விவரியுங்கள்: முகம் மறைத்த பெண்கள், செவிலியர் உடை, ஹாலோவீன் மிட்டாய். தேர்வாளருக்கு எந்த ஆய்வு என்று புரிந்துவிடும். எண்களை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள். தவறான ஒரு சதவீதம் கண்ணில் பட்டால், மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.